ஒரு கிலோ நானூறு

ஜூன் 10, திங்கள்

லாரி உரிமையாளர் சங்கம் தை மாதம் கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாக மேசை இழுப்பறையில் சும்மா கிடந்தது. இன்று இதற்கு ஒரு வேலை வந்துவிட்டது. வேலை கொடுத்தவர் குழந்தைகள் டாக்டரம்மா.

மகள் வர்ணிகாவின் பள்ளிக்கூடத்தில் உடல் பரிசோதனை முகாம் நடத்தினார்களாம். டாக்டரிடம் காட்டவும் என்று ஒரு சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். காய்ச்சலா, இருமலா, ஒன்றும் கிடையாது. ஐந்தாம் வகுப்பு படிக்கிற பிள்ளை, நன்றாகச் சாப்பிடுகிறது, நன்றாகத் தூங்குகிறது. என் மனைவி கோகிலா விடமாட்டேன் என்றாள். முதலாளியிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனோம்.

எடை 54 கிலோ 200. உயரம் 138 சென்டிமீட்டர். இந்த உயரத்துக்கு முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று இருந்தால் போதும் என்றார் டாக்டரம்மா. பதினெட்டு வருடமாக எடை மேடையில் உட்கார்ந்திருக்கிறேன். லாரி ஏறும், எண் விழும், சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன். எனக்கே ஒருவர் எடையைப் பற்றிப் பாடம் எடுத்தது இன்றுதான்.

பிறகு பாப்பாவின் காலரை விலக்கிக் கழுத்தைப் பார்த்தார். பின்கழுத்தில் கறுப்பாகப் பட்டை கட்டியிருக்கும். கோகிலாவுக்கு வெட்கமாகிவிட்டது.

"அழுக்குங்க டாக்டர். எத்தனை தேச்சாலும் போவ மாட்டேங்குது. பீர்க்கங்கா நாரு, கடலைமாவு, எலுமிச்சம்பழம்னு எல்லாம் போட்டுப் பாத்துட்டனுங்க."

"இது அழுக்கு இல்லம்மா. இனிமே தேய்க்காதீங்க. உள்ள சர்க்கரையைச் சமாளிக்க உடம்பு படுற பாடு வெளியில இப்படித் தெரியுது."

இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேய்த்திருக்கிறாள். பாப்பா குளியலறையில் அழும், நான் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் கோகிலாவின் கை பாப்பாவின் கழுத்துமேலேயே இருந்தது.

ரத்தம் எடுத்திருக்கிறார்கள். நாளை மறுநாள் போக வேண்டும். என்னென்ன சாப்பிடுகிறாள் என்று தினமும் எழுதி வரச் சொல்லியிருக்கிறார். "ஒண்ணு விடாம எழுதுங்க. தண்ணி தவிர வாய்க்குள்ள போறது எல்லாம்" என்றார். கையெழுத்து என்னுடையது சுமார்தான். கடைசியில் தனியாகப் பிரதி எடுத்துக் கொடுத்துவிடலாம்.

ஜூன் 12, புதன்

காலை: இட்லி நான்கு, தேங்காய்ச் சட்னி. மதியம்: டப்பாவில் எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு. இரவு: தோசை மூன்று.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஆறு புள்ளி மூன்றாம். ஸ்கேன் எடுத்ததில் கல்லீரலில் கொழுப்பு தெரிகிறதாம். பத்து வயது முடியாத பிள்ளைக்கு! "வியாதி இன்னும் வரல. ஆனா வாசல்ல வந்து நிக்குது. உள்ள விடறதும் வெரட்டறதும் உங்க ரெண்டு பேர் கையிலதான் இருக்கு" என்றார் டாக்டரம்மா. பேக்கரிப் பண்டம் கூடாது, பாட்டில் ஜூஸ் கூடாது, தினமும் ஒரு மணி நேரம் ஓடி விளையாட வேண்டும். ஆகஸ்ட் 12 அன்று திரும்ப வர வேண்டும். அப்போதும் குறையாவிட்டால் மாத்திரைதான் என்றார்.

வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று கேட்டார். எனக்கு உண்டு என்றேன். என் கதை வேறு. நாள் முழுக்க உட்கார்ந்த இடத்தில் வேலை, மாத்திரை போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஜூன் 14, வெள்ளி

மேடையில் இன்று வண்டி குறைவு. மக்காச்சோளம் ஏழு லோடு, ஜல்லி மூன்று. மனசில் இருப்பதை எழுத நேரம் கிடைத்தது.

டாக்டரம்மாவுக்கு ஒன்று தெரியாது. வர்ணிகா ஏழரை மாதத்தில் பிறந்தவள். பிறந்தபோது எடை ஒரு கிலோ நானூறு. முப்பத்தொரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். தினமும் காலை ஆறு மணிக்கு நர்ஸ் எடை போட்டு வாசலில் ஒரு பலகையில் எழுதுவார். 1400. மறுநாள் 1370. அடுத்த நாள் 1350. அந்த மூன்றாம் நாள் நான் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். என் மேடையில் இருபது டன், முப்பது டன் என்று ஏறி இறங்குகிறது. ஐம்பது கிராம் போனதற்கு ஒரு ஆம்பளை அழுவான் என்று அதற்கு முன் சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

அன்றைக்குத்தான் எங்கள் அங்காளம்மனிடம் வேண்டிக்கொண்டேன். தாயே, பத்து வயசு வரைக்கும் இவளைக் காப்பாற்றிக் கொடு. பத்து முடிகிற ஆடியில் உன் வாசலில் தராசு கட்டி, இவள் எடைக்கு எடை வெல்லம் கொடுக்கிறேன். மறுநாள் பலகையில் 1360 என்று இருந்தது. பத்து கிராம். அக்காவுக்குப் போன் போட்டு, "பத்து கிராம் ஏறிருச்சுக்கா" என்று கத்தினேன்.

இந்த ஆடியில் பத்து முடிகிறது. ஆகஸ்ட் 2, ஆடி வெள்ளி. பூசாரியிடம் சொல்லியாயிற்று. இன்னும் ஏழு வாரம்.

இந்த ஏழு வாரத்துக்குள் எடையைக் குறைத்துக்கொண்டு போய்த் தட்டில் உட்கார வைத்தால் அதற்கு என்ன பெயர்? லோடைப் பாதி வழியில் இறக்கிவிட்டு மேடை ஏறுகிற லாரிக்காரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? கொடுத்தவளிடமே திருட்டுக் கணக்கு காட்ட முடியுமா? ஆகஸ்ட் 2 முடியட்டும். 3-ஆம் தேதியிலிருந்து டாக்டரம்மா சொன்னபடி எல்லாம் செய்கிறேன். கோகிலாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் விளங்காது.

ஜூன் 17, திங்கள்

காலை: கம்பு தோசை இரண்டு. மதியம்: கீரை சாதம், வெள்ளரிக்காய். மாலை: மேடையில் என்னோடு இருந்தாள். இரவு: கொள்ளு ரசம், சாதம் ஒரு கரண்டி.

கோகிலா வீட்டையே ஆஸ்பத்திரி ஆக்கிவிட்டாள். ஜாக்கெட் தைக்கிற மிஷினுக்கு மேல் டாக்டரம்மா கொடுத்த அட்டவணையை ஒட்டியிருக்கிறாள். பிஸ்கட் டப்பாவில் ஊசி நூல் வைத்திருக்கிறாள். திறந்து ஏமாந்தது நான்தான்.

பாப்பா டியூஷன் முடிந்து ஆறு மணிக்கு மேடைக்கு வருவாள். ஏழு மணிக்கு நான் வண்டியில் கூட்டிப்போவேன். இது மூன்று வருடப் பழக்கம். அந்த ஒரு மணி நேரம் எங்கள் இரண்டு பேருக்கும் சொந்தம்.

ஜூன் 19, புதன்

மாலை: மேடையில் என்னோடு இருந்தாள்.

சட்டைப் பையில் எண்ணெய்க் கறை எப்படி வந்தது என்று கோகிலா கேட்டாள். லாரி கிரீஸ் என்றேன்.

ஜூன் 24, திங்கள்

காலை: ராகிப் புட்டு. மதியம்: சாம்பார் சாதம், பீன்ஸ். மாலை: மேடை. இரவு: சப்பாத்தி இரண்டு.

பாப்பா கேட்டாள், "அப்பா, டிப்பர் லாரி எத்தனை டன்னுங்கப்பா?" காலி வண்டி பத்து, பதினொரு டன் இருக்கும் கண்ணு என்றேன். எதற்குக் கேட்கிறாய் என்றால், வகுப்பில் இரண்டு பேர் அவளை டிப்பர் என்று கூப்பிடுகிறார்களாம். சிரித்துவிட்டேன். பிள்ளைகள் விளையாட்டு. நான் படிக்கும்போது என்னை ஓணான் என்றார்கள், நான் என்ன செத்தா போய்விட்டேன்? ஒல்லியாக இருப்பவனுக்கும் பெயர் வைக்கத்தான் செய்கிறார்கள்.

அவளும் சிரித்தாள். அப்புறம் தட்டில் இருந்த தள்ளுவண்டிக் காளானைக் கிளறிக்கொண்டே இருந்தாள். ஆறிவிடும், சாப்பிடு என்றேன்.

ஜூன் 30, ஞாயிறு

பெரியக்கா சரஸ்வதி வந்திருந்தாள். பத்து வருடம் முன்பு பத்து கிராமுக்கு என்னோடு சேர்ந்து அழுதவள். கோகிலாவின் அட்டவணையைப் பார்த்துவிட்டு அவளுக்குப் பொறுக்கவில்லை.

"என்றா தம்பி இது? வளர்ற புள்ளைய வயித்தக் கட்டிப் போடறீங்க? குழந்தைன்னா கொழுகொழுன்னுதான் இருக்கோணும். வயசுக்கு வந்தா தானா எறங்கிரும். எம் மவ எறங்கலையா?"

கோகிலா சமையலறையிலிருந்தே சொன்னாள்: "எறங்குமோ ஏறுமோ, இவ ரத்தத்துல இப்பவே சர்க்கரை நிக்குதுங்க அண்ணி."

அக்கா உப்பு, மிளகாய் எடுத்துப் பாப்பாவைச் சுற்றிப் போட்டாள். ஊர்க் கண் எல்லாம் இவள்மேல்தான், டாக்டர் கண்ணும் சேர்த்து என்றாள். பாப்பா நடுவில் அசையாமல் நின்றாள். அடுப்பில் போட்டபோது நெடி வந்ததா வரவில்லையா என்று அக்காவுக்கும் கோகிலாவுக்கும் சண்டை. எனக்கு நெடி தெரியவில்லை. எனக்கு ஜலதோஷம்.

ஜூலை 8, திங்கள்

காலை: கம்பு தோசை இரண்டு. மதியம்: புதினா சாதம், முட்டை. மாலை: மேடையில் என்னோடு இருந்தாள். இரவு: வேண்டாம் என்றுவிட்டாள்.

பார்த்தீர்களா டாக்டரம்மா, இரவுச் சாப்பாடே குறைந்துவிட்டது என்று கோகிலாவுக்குச் சந்தோஷம்.

பேக்கரியில் இப்போதெல்லாம் என்னைப் பார்த்ததும் கேட்காமலே கட்டிவிடுகிறார்கள்.

ஜூலை 14, ஞாயிறு

கோகிலா பாப்பாவைப் பள்ளி மைதானத்துக்குக் கூட்டிப்போனாள். இருவரும் ஓடினார்களாம். அரை ரவுண்டில் பாப்பாவுக்கு மூச்சு வாங்கி, கோகிலாவுக்குச் செருப்பு அறுந்து, மீதியை நடந்து முடித்தார்களாம். வந்து இருவரும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். நான் உட்கார்ந்து கேட்டேன். என்னையும் கூப்பிட்டார்கள். முட்டிவலி என்றேன்.

ஜூலை 18, வியாழன்

இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

சாயங்காலம் மேடையில் உட்கார்ந்து பாப்பாவிடம் ஆடி வெள்ளியைப் பற்றிச் சொன்னேன். தராசு கட்டுவது, ஒரு தட்டில் அவள், ஒரு தட்டில் வெல்லம், எல்லாம். ஏன் வேண்டிக்கொண்டேன், எதற்காக அதுவரைக்கும் எடையைக் குறைக்கக் கூடாது என்பதையும் சொன்னேன். ஆடி வெள்ளி முடிகிற வரைக்கும் அம்மாவிடம் சொல்லாதே என்றேன். கவனமாகக் கேட்டாள். அவள் எதையும் கவனமாகக் கேட்பாள்.

கடைசியில், "எல்லாரும் வருவாங்களாப்பா?" என்றாள்.

"சொந்தம் எல்லாம் வரும். அறுபது எழுபது பேர்."

கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, நீங்க வேண்டிக்கிட்டப்போ நான் ஒரு கிலோ நானூறுதான இருந்தேன்? ஒரு கிலோ நானூறு வெல்லம் குடுத்தா சாமி வாங்கிக்காதுங்களா?"

எனக்குச் சட்டென்று கோபம் வந்துவிட்டது. "வேண்டுதல்ல பேரம் பேசக் கூடாது. ஒரு கிலோ நானூறெல்லாம் ஒரு எடையா? இந்த மேடையில வெச்சா எண்ணே நகராது, தெரியுமா? சைபர்தான் காட்டும்" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. சீட்டு வாங்க வந்த டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"சரிங்கப்பா" என்றாள். வாங்கி வைத்ததை முழுசாகச் சாப்பிட்டாள். மிச்சம் வைக்கவே இல்லை.

ஜூலை 24, புதன்

கவுந்தப்பாடிச் சந்தையில் வெல்லத்துக்குச் சொல்லிவிட்டேன். உருண்டை வெல்லம், ஐம்பத்தைந்து கிலோ. மண்டிக்காரர் பெரிய தராசையும் தருவதாகச் சொன்னார்.

ஜூலை 29, திங்கள்

பாப்பாவுக்குப் பத்து முடிந்தது. கோகிலா கேக் வாங்கவில்லை. பழங்களை வெட்டி அடுக்கி மெழுகுவத்தி வைத்தாள். பாப்பா நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டாள்.

மாலை: மேடை. பிறந்த நாள் அல்லவா.

ஆகஸ்ட் 2, வெள்ளி

காலையில் வேன் வைத்துக் கோயிலுக்குப் போனோம். வேப்பமரக் கிளையில் தராசு கட்டியிருந்தது. பாப்பா விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. விரதம் இருக்கிறாள் பார் என்று வேனில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். தட்டில் உட்காரும் முன் கொலுசைக் கழற்றினாள், வளையலைக் கழற்றினாள், காதில் இருந்த தோடுகூடக் கழற்றிக் கோகிலா கையில் கொடுத்தாள். தொலைந்துவிடக் கூடாது என்று பயப்படுகிறாள் என நினைத்தேன்.

உட்கார வைத்தோம். எதிர்த்தட்டில் வெல்லத்தை அடுக்கினோம். பத்து, இருபது, நாற்பது. ஐம்பத்தைந்தும் வைத்தாயிற்று. அவள் தட்டு தரையை விட்டு எழும்பவில்லை.

கூட்டத்தில் யாரோ, "இன்னொரு மூட்டை கொண்டாங்கப்பா, அம்மிணி நல்ல போஷாக்கு" என்றார்கள். சிரிப்பு. செல்போன்கள் எல்லாம் மேலே போயின. அக்கா பூஜைக்கு வைத்திருந்த தேங்காய்களைத் தட்டில் வைத்தாள். பிறகு ஒரு சீப்பு வாழைப்பழம். பூசாரி, "சித்த பொறுங்க, சித்த பொறுங்க" என்றார். எனக்கு அந்த நிமிடம் வரை நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. தாயே பார், நீ கொடுத்தது எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். உதடு உள்ளே போயிருந்தது. கன்னம் சிவந்து நரம்பு தெரிந்தது. சங்கிலிகளை இரண்டு கையாலும் பிடித்து உடம்பை மேலே தூக்கிக்கொண்டு மூச்சை அடக்கியிருந்தாள்.

எத்தனையோ பேர் மேடையில் எடையைக் குறைத்துக் காட்ட வித்தை செய்து பார்த்திருக்கிறேன். டிரைவர் இறங்கி நிற்பான், ஸ்டெப்னியைக் கழற்றி வைப்பான், முன்சக்கரத்தைக் கோட்டுக்கு வெளியே நிறுத்துவான். பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவேன். என் பிள்ளை கொலுசைக் கழற்றியது எதற்கு, தண்ணீர் குடிக்காதது எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது சீப்பு வைத்ததும் தட்டு எழும்பியது. குலவை போட்டார்கள். அவள் மூச்சை விட்டாள். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது.

அக்கா ஒரு வெல்ல உருண்டையை அவள் வாயில் ஊட்டினாள். வேனில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். ரொம்ப தூரம் வந்த பிறகு, மெதுவாக, கோகிலாவுக்குக் கேட்காதபடி என்னிடம் கேட்டாள்:

"சாமிக்குக் குடுத்தாச்சுல்லங்கப்பா? இனிமே நான் குறையலாங்களா?"

ஆகஸ்ட் 3, சனி

எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 7, புதன்

காலை: இட்லி இரண்டு. மதியம்: கீரை சாதம். மாலை: சுண்டல். இரவு: கம்பு தோசை ஒன்று.

மாலையில் பேக்கரிப் பக்கம் போகவில்லை. கோகிலா கொடுத்து அனுப்பிய சுண்டலை இரண்டு பேரும் தின்றோம். கைக்கு வேலை இல்லாமல் எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது. அவள் வீட்டுப்பாடம் எழுதினாள். 3-ஆம் தேதியிலிருந்து செய்கிறேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா, செய்துகொண்டுதான் இருக்கிறேன். பத்து நாளில் கொஞ்சமாவது இறங்காதா?

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நாளை டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டும். சாப்பாட்டுக் கணக்கை மட்டும் ஒரு நோட்டில் அழகாக எடுத்து எழுதித் தா கண்ணு என்று பாப்பாவிடம் சொன்னேன். அவள் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். எந்தெந்த வரி என்று பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தேன். மற்றதைப் படிக்காதே என்றேன். படிக்க மாட்டேன் என்றாள். மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதினாள். நான் திருப்பிப் பார்க்கவில்லை. மறுநாள் இரவு சேர்க்கிறேன்: பார்த்திருக்க வேண்டும்.

இல்லை, பார்க்காததே நல்லது.

ஆகஸ்ட் 12, திங்கள்

எடை 57 கிலோ 600. சர்க்கரை ஆறு புள்ளி ஏழு.

டாக்டரம்மா எண்ணைப் பார்த்தார், கோகிலாவைப் பார்த்தார். கோகிலா அட்டவணைப்படி ஒரு நாள் தவறாமல் செய்ததைச் சொல்லிக்கொண்டே போனாள். கம்பு, கொள்ளு, கீரை. சொல்லச் சொல்ல அவள் குரல் குற்றவாளியின் குரலாக மாறியது. நான் வாயைத் திறக்கவில்லை. எழுதி வைக்கிறேன்: நான் வாயைத் திறக்கவில்லை.

டாக்டரம்மா நோட்டைப் பிரித்தார். சத்தமாகத்தான் படித்தார்.

"ஜூன் பதினேழு. மாலை ஆறு மணி. எடை மேடை. முட்டை பப்ஸ் ரெண்டு, ரோஸ் மில்க் ஒண்ணு." அடுத்த பக்கம். "ஜூன் பத்தொன்பது. தேங்காய் பன், சிக்கன் ரோல். ஜூன் இருபத்து நாலு. காளான் ஒரு பிளேட், ஐஸ்கிரீம்." பக்கம் திருப்பினார். "ஜூலை எட்டு. பரோட்டா மூணு, ஆம்லெட். பசிக்கல. அப்பா வாங்கிட்டு வந்துட்டாங்க." இன்னொரு பக்கம். "ஜூலை பதினெட்டு. கிரீம் கேக் ரெண்டு. பசிக்கல. அப்பா கோவமா இருந்தாங்க."

பிறகு அவர் படிக்கவில்லை. நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். எட்டு வாரம். ஒரு மாலைகூட விடவில்லை. எல்லாம் அச்சு மாதிரி எழுத்தில் இருந்தது.

வர்ணிகா எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பயந்துவிட்டாள். "ஒண்ணு விடாம எழுதோணும்னு டாக்டர் சொன்னாங்கல்லங்கப்பா. உங்க டைரில சாயங்காலம் மட்டும் விட்டுப்போயிருந்துச்சு. நீங்க மறந்துட்டீங்கன்னு நானே ஞாபகப்படுத்தி எழுதிட்டேன்" என்றாள்.

நான் மறந்துவிட்டேன் என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள். நான் டாக்டரிடம் மறைப்பேன் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஏதாவது பேசியிருப்பேன். மாத்திரை எழுதினார். மருந்துக்கடையில் வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். பதினோரு வருடமாக நான் போடுகிற அதே மாத்திரை. அட்டையின் நிறம்கூட அதே.

வீட்டுக்கு வந்ததும் கோகிலா மிஷினில் உட்கார்ந்தாள். மிதிக்கவில்லை. "நான் மேல தேச்சனுங்க. நீங்க உள்ள ஊத்துனீங்க" என்றாள். "ரெண்டு பேரும் சேந்துதான் இந்தப் புள்ளைய இப்படிப் பண்ணியிருக்கறோம். நான் தேச்சப்ப அழுதா, எனக்குத் தெரிஞ்சுது. நீங்க குடுத்தப்ப அழுவல, அதான் யாருக்கும் தெரியல."

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. மளிகைக்கடையில் வெல்லம் ஒரு கிலோ நானூறு நிறுக்கச் சொன்னேன். என்னங்க அண்ணா, ஒன்றரையாகவே வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் கடைக்காரர். வேண்டாம், சரியாக நிறுங்கள் என்றேன்.

பொட்டணத்தைக் கையில் வாங்கினேன். இரண்டு உள்ளங்கையிலும் அடங்கியது. இவ்வளவுதான் இருந்தாள். பெட்டியிலிருந்து முதல் தடவை எடுத்துக் கொடுத்தபோது இப்படித்தான் ஏந்தியிருந்தேன். சங்கு மாதிரி இருக்கும் பாலாடையில் பத்துச் சொட்டு ஊட்ட நர்ஸ் கற்றுக்கொடுத்தார். ஊட்டியதும் வாயைப் பாருங்கள், விழுங்கிவிட்டாளா என்று பாருங்கள், அப்புறம்தான் அடுத்த சொட்டு என்பார். விழுங்கினால் பிழைத்துக்கொள்வாள் என்பது அன்றைக்கு எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். பத்து வருடமாக அதையே செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

தனியாகக் கோயிலுக்குப் போய் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். அவள் கேட்டபோதே இதைச் செய்திருக்க வேண்டும். அன்றே தாய் வாங்கியிருப்பாள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆறு நாளாக மாத்திரையைப் பொடி செய்து தண்ணீரில் கலக்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். கசப்பில் இரண்டு தடவை வாந்தி. அப்படியே முழுசாக விழுங்க வேண்டும் என்று மருந்துக்கடைக்காரர் போனில் சொன்னார். அவளுக்குப் பயம். தொண்டையில் நின்றுவிடுமாம்.

இன்று காலை சமையலறையில் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "நீங்க எப்படிங்கப்பா முழுங்குவீங்க? காட்டுங்க."

என் அட்டையிலிருந்து ஒன்று பிதுக்கினேன். அவள் அட்டையிலிருந்து ஒன்று அவள் பிதுக்கினாள். நாக்குக்கு நடுவில் வை கண்ணு, தண்ணீரை வாய் நிறைய எடு, தலையைத் தூக்காதே, குனிந்துகொண்டு விழுங்கு என்றேன். நான் விழுங்கிக் காட்டினேன். அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். கோகிலா கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"போயிருச்சா?" என்றேன்.

வாயை நன்றாகத் திறந்து எனக்குக் காட்டினாள். நாக்கைத் தூக்கிக் காட்டினாள். ஒன்றும் இல்லை.

அப்புறம் டைரியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். இனிமேல் அவளே எழுதுவாளாம், நான் மறந்துவிடுகிறேனாம். இதற்குக் கீழே இருப்பது அவள் எழுத்து.

காலை 8 மணி: இட்லி 2, புதினாச் சட்னி. மாத்திரை 1. அப்பாவுக்கும் 1.